கஞ்சி போட்ட தொப்பி எங்கே போனது?

கேள்வி இதுதான்: "பழைய படங்களில் நர்ஸ் என்றால் வெள்ளைக் கவுன், இடுப்பில் பெல்ட், தலையில் தொப்பி. இப்போது ஆஸ்பத்திரிக்குப் போனால் தொப்பியையே காணோம். யார் நர்ஸ், யார் டெக்னீஷியன் என்றுகூடத் தெரியவில்லை. நூறு வருஷத்தில் இந்த உடுப்பு எதனால் இப்படி மாறியது? அந்தத் தொப்பியால் ஏதாவது பயன் இருந்ததா?"

சுகாதார அறிவு வளர்ந்தது, அதனால் உடுப்பு மாறியது என்பார்கள். முழுக்கப் பொய் இல்லை. ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் வார்டிலும் அப்புறம் நர்ஸிங் வகுப்பறையிலும் இருந்த என்னைக் கேட்டால், வேறொரு கேள்வியிலிருந்து தொடங்கச் சொல்வேன்: அந்த உடுப்பை யார் துவைத்தார்கள்?

கதை பெரும்பாலும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நடக்கிறது. நம் ஊருக்கு இந்த உடுப்பு அங்கிருந்துதான் வந்தது. அதற்கும் முன்னால் ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் கைசர்ஸ்வெர்த் என்ற ஊருக்கு ஒரு எட்டு போய்வர வேண்டும். 1836-ல் அங்கே தியோடர் ஃப்ளீட்னர் என்ற பாதிரியார், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளக் கல்யாணமாகாத பெண்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார். அவர்களுக்கு அவர் கொடுத்தது நீலக் கவுன், வெள்ளை ஏப்ரன், வெள்ளைத் தொப்பி. அந்தக் காலத்தில் அது நடுத்தரக் குடும்பத்துக் கல்யாணமான பெண்களின் உடை. முன்பின் தெரியாத ஆண்களின் படுக்கையோரம் போய் நிற்க வேண்டிய பெண்ணுக்கு அது ஒரு காவல். நம் ஊரில் கல்யாணமாகாத பெண்ணுக்கு மெட்டி போட்டு அனுப்பினால் எப்படியோ அப்படி. ஆக, தொப்பி பிறந்தபோது அதற்கும் கிருமிக்கும் சம்பந்தமே இல்லை. கிருமியால் மனிதருக்கு நோய் வரும் என்பதையே அப்போது யாரும் நிரூபித்திருக்கவில்லை.

1851-ல் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அங்கே போய்ச் சில மாதங்கள் தங்கிக் கற்றார். 1854-ல் கிரிமியப் போருக்கு 38 பெண்களோடு கிளம்பியபோது அவர்களுக்குக் கிடைத்த உடை சாம்பல் நிற முரட்டுக் கவுனும், அவர்கள் வேலை பார்க்கப்போன ராணுவ ஆஸ்பத்திரியின் பெயரை 'ஸ்குட்டாரி ஹாஸ்பிட்டல்' என்று சிவப்பு நூலில் தைத்த தோள்பட்டியும். 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரில் பயிற்சிப் பள்ளி வந்தது. உடை பற்றி நைட்டிங்கேல் எழுதியதில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. பட்டுத் துணியின் சரசரப்பு, கூண்டுப் பாவாடையின் உராய்வு, சாவிக்கொத்தின் சத்தம், கிறீச்சிடும் செருப்பு இவையெல்லாம் நோயாளியை வதைக்கும் என்று 1859-ல் வெளியான தன் நூலில் திட்டுகிறார். நர்ஸின் உடுப்பு எப்படித் தெரிகிறது என்பதைவிட எப்படிக் கேட்கிறது என்று கவலைப்பட்ட ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும்.

சரி, இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். 1900-ல் லண்டனில் ஒரு நர்ஸ் வார்டுக்குள் நுழைகிறாள் என்றால் அவள் சுமந்து வரும் துணியை எண்ணிப் பாருங்கள். உள்ளே இடுப்பை இறுக்கிப் பிடிக்கும் கார்செட், அதன் மேல் பாவாடைகள். வெளியே நீலமோ ஊதாவோ கோடு போட்டதோ, கணுக்காலை மூடும் நீளக் கவுன். அதன் மேல் மார்பிலிருந்து கீழ்வரை வெள்ளை ஏப்ரன். கழுத்தில் கஞ்சியில் விறைத்த காலர், மணிக்கட்டில் அதேபோல் விறைத்த கஃப், இடுப்பில் பெல்ட், தலையில் தொப்பி. காலரும் கஃபும் கவுனோடு தைத்தவை அல்ல, கழற்றி மாட்டுபவை. ஏன்? அழுக்கு முதலில் சேர்வது கழுத்திலும் மணிக்கட்டிலும். அவ்வளவு கனமான கவுனைத் தினம் துவைத்துக் காயவைத்து இஸ்திரி போடுவது அந்தக் குளிர்நாட்டில் நடக்கிற காரியமா? எனவே கவுன் வாரத்துக்கு ஒன்று, ஏப்ரன் தினத்துக்கு ஒன்று, காலரும் கஃபும் அழுக்கானபோதெல்லாம் என்று ஒரு கணக்கு. உடுப்பு இத்தனை துண்டுகளாக இருந்ததற்குக் காரணம் அழகு அல்ல, வெளுப்புக் கணக்கு.

கஃபைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். கையை நனைக்கும் வேலை என்றால் நர்ஸ் கஃபைக் கழற்றி வைத்துவிட்டுச் சட்டைக்கையைச் சுருட்டிக்கொள்வாள். டாக்டரோ, தலைமை நர்ஸான மேட்ரனோ வருகிறார் என்றால் அவசர அவசரமாகச் சட்டைக்கையை இறக்கிக் கஃபை மாட்ட வேண்டும். வெறும் முன்கையோடு பெரியவர் முன்னால் நிற்பது மரியாதைக் குறைவு. இதே இங்கிலாந்தில் 2008 முதல், நோயாளியைத் தொடுகிறவர் யாராக இருந்தாலும் முழங்கைக்குக் கீழே துணி, வாட்ச் எதுவும் இருக்கக் கூடாது என்பது அரசு மருத்துவமனைகளில் விதி. அன்றைக்கு அவமரியாதையாக இருந்த வெறுங்கை இன்றைக்குக் கட்டாயம்.

இத்தனை துணியையும் நர்ஸ் துவைக்கவில்லை. அவள் குடியிருந்தது மருத்துவமனை விடுதியில். சாப்பாடு, தங்குமிடம், வெளுப்பு மூன்றும் சம்பளத்தோடு சேர்த்தி. நீராவி ஓடும் சலவைக்கூடத்தில் வேறு பெண்கள் அவளுக்காக வெளுத்துக் கஞ்சி போட்டு அடுக்கினார்கள். கல்யாணம் என்றால் வேலையை விட்டுவிட வேண்டும் என்பதும் அநேகமாக எல்லா இடத்திலும் வழக்கம். அந்த உடுப்பு பிழைத்திருந்தது இந்த ஏற்பாட்டின் தயவில்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

வெள்ளை எப்படி வந்தது? பிரிட்டிஷ் சர்ஜன் ஜோசப் லிஸ்டர் 1867-ல் அறுவைசிகிச்சையில் கிருமிநாசினியின் பயனை எழுதிய பிறகு, கறுப்புக் கோட்டோடு அறுத்துக்கொண்டிருந்த டாக்டர்கள் மெல்ல வெள்ளைக்கு மாறினார்கள். வெள்ளைப் பருத்தியில் ஒரு வசதி உண்டு. கொதிக்க வைக்கலாம், பிளீச்சிங் போடலாம், சாயம் போகும் என்ற பயம் இல்லை. அழுக்கும் ஒளியாது. ஆனால் பிரிட்டனும் அமெரிக்காவும் இதில் வேறு வேறு வழியில் போயின. அமெரிக்காவில் மாணவிக்குக் கோடு போட்ட கவுன், படித்து முடித்தவளுக்குத் தலைமுதல் கால்வரை வெள்ளை. பிரிட்டனில் வெள்ளை ஏப்ரனோடும் தொப்பியோடும் நின்றது. கவுனின் நிறம் படிநிலையைச் சொன்னது. பல இடங்களில் கருநீலம் வார்டு சிஸ்டருக்கு. வார்டைப் பொறுப்பாக நடத்தும் நர்ஸின் பதவிப் பெயர் அங்கே சிஸ்டர். நாம் எல்லா நர்ஸையும் 'சிஸ்டர்' என்று கூப்பிடுவதும், ஆண் நர்ஸ் வந்தபோது யோசிக்காமல் 'பிரதர்' என்று கூப்பிட ஆரம்பித்ததும் அந்த வழியில் வந்ததுதான்.

கிருமி அறிவு உடுப்பில் நேராகக் கொண்டுவந்த மாற்றம் என்றால் கையுறையைச் சொல்லலாம். அதிலும் ஒரு வேடிக்கை. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் சர்ஜன் ஹால்ஸ்டெட், 1889-90 குளிர்காலத்தில் குட்இயர் ரப்பர் கம்பெனியில் மெல்லிய கையுறை செய்யச் சொன்னார். நோயாளிக்காக இல்லை. ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் கரோலின் ஹாம்ப்டனின் கைகள் பாதரசக் கிருமிநாசினி பட்டு வெந்து புண்ணாகியிருந்தன, அதற்காக. 1890-ல் அவரையே கல்யாணமும் செய்துகொண்டார். கையுறை நோயாளியையும் காப்பாற்றும் என்பது பிறகுதான் உறைத்தது.

இப்போது தொப்பி. அமெரிக்காவில் ஒவ்வொரு பயிற்சிப் பள்ளிக்கும் ஒரு வடிவம் இருந்தது. தொப்பியைப் பார்த்தே எந்தப் பள்ளி என்று சொல்லிவிடுவார்கள். மேரிலண்ட் பல்கலைக்கழகத்தின் லேஸ் மடிப்புத் தொப்பியை நைட்டிங்கேலே தன் மாணவி லூயிசா பார்சன்ஸிடம் கொடுத்தனுப்பியதாக அங்கே பெருமையாகச் சொல்வார்கள். சேர்ந்தவுடன் தொப்பி கிடைக்காது. சில மாதம் தாக்குப்பிடித்தால்தான் மெழுகுவத்தி வெளிச்சத்தில் தொப்பி சூட்டுவார்கள். படிப்பு முடிந்தால் அதில் கறுப்பு வெல்வெட் பட்டி. அந்தப் பட்டி 1910-ல் நைட்டிங்கேல் இறந்ததற்கான துக்க அடையாளம் என்று ஒரு கதை சுற்றுகிறது, என் டீச்சரும் சொன்னார். நான் நம்பவில்லை.

முதலாம் உலகப் போர் வந்தது. பிரான்ஸில் கூடாரத்தில், சேற்றில், தரையைத் தொடும் பாவாடையோடு ஸ்ட்ரெச்சர் பின்னால் ஓட முடியுமா? விளிம்பு ஏற ஆரம்பித்தது, அப்புறம் தரைக்கு இறங்கவே இல்லை. பிரிட்டிஷ் ராணுவ நர்ஸ்களின் சாம்பல் கவுனும் சிவப்புத் தோள்மேலாடையும், தன்னார்வப் பெண்களின் ஏப்ரனில் இருந்த செஞ்சிலுவையும் எல்லாரும் பார்த்த படங்கள். எனக்கு முக்கியமாகப் படுவது போருக்குப் பிறகு நடந்தது. 1920-களில் பெண்கள் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டார்கள். அதுவரை கொண்டையை மூடுகிற வேலையாவது தொப்பிக்கு இருந்தது. மூட முடி இல்லாதபோது அது சுருங்கிச் சுருங்கி, நாலு ஹேர்பின் தயவில் உச்சந்தலையில் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னமாகிவிட்டது. பழைய படங்களில் நீங்கள் பார்த்தது அந்தத் தொப்பியைத்தான். ஆக உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில்: ஒரு காலத்தில் இருந்தது, நீங்கள் பார்த்த தொப்பிக்கு இல்லை.

இரண்டாம் உலகப் போர்தான் வெளுப்புக் கணக்கை முதலில் உடைத்தது. 1941 டிசம்பர் வரை பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலாவின் அமெரிக்க ராணுவ ஆஸ்பத்திரிகளில் விறைத்த வெள்ளை உடுப்பில் வேலை செய்த நர்ஸ்கள், ஜப்பானியப் படை நெருங்கியதும் படான் காட்டுக்குள் போனார்கள். அங்கே சலவைக்கூடம் ஏது, கஞ்சி ஏது? ஆண்களுக்குத் தைத்த, மெக்கானிக் போடும் முழு நீள ஓவராலை மடித்துச் சுருட்டிப் போட்டுக்கொண்டு திறந்தவெளி வார்டில் வேலை பார்த்தார்கள். பிலிப்பைன்ஸில் பிடிபட்ட 77 அமெரிக்க ராணுவ, கடற்படை நர்ஸ்கள் 1945 பிப்ரவரி வரை கைதிகளாக இருந்தார்கள். அமெரிக்க ராணுவம் பின்னர் போர்முனை நர்ஸ்களுக்குப் பழுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட சீர்சக்கர் துணியில், சுற்றிக் கட்டும் உடை கொடுத்தது. சீர்சக்கர் என்பது சுருக்கத்தோடேயே நெய்யும் துணி. இஸ்திரியும் வேண்டாம், கஞ்சியும் வேண்டாம். பிரிட்டனில் 1941 முதல் 1949 வரை துணிக்கு ரேஷன். நீளக் கையும் தனிக் கஃபும் ஆடம்பரமாகிவிட்டன.

ஆனால் உண்மையான மாற்றம் போரில் இல்லை, அதற்கப்புறம் வந்த இருபது வருஷத்தில் சத்தமில்லாமல் நடந்தது. நர்ஸ் பற்றாக்குறை. கல்யாணமானவர்களையும் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. கல்யாணமானவள் விடுதியில் இருப்பாளா? வீட்டிலிருந்து வருவாள், உடுப்பை வீட்டுக்கு எடுத்துப்போவாள். வீட்டில் நீராவி இயந்திரமும் இல்லை, கஞ்சி போட ஆளும் இல்லை, பிள்ளைகள் வேறு. அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தது பாலியஸ்டர். 1941-ல் பிரிட்டனில் வின்ஃபீல்டும் டிக்சனும் கண்டுபிடித்த டெரிலின் 1950-களில் கடைக்கு வந்தது. நம் அப்பாக்கள் பெருமையாகச் சட்டை தைத்துக்கொண்ட அதே டெரிலின், டெரிகாட்டன். இரவில் அலசித் தொங்கவிட்டால் காலையில் போட்டுக்கொள்ளலாம். காலர் கவுனோடு சேர்ந்துவிட்டது, கஃப் ஒழிந்தது, கை குட்டையானது. தோல்தான் பாவம். மெட்ராஸ் வெயிலில் டெரிகாட்டன் யூனிஃபார்ம் போட்டு எட்டு மணி நேரம் நின்றவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் தூக்கிப் போடும் பொருட்கள் வந்தன. 1970-களில் பிரிட்டனில் தொப்பி காகிதமானது, ஏப்ரன் மெல்லிய பிளாஸ்டிக்கானது. பிளாஸ்டிக் ஏப்ரன் வந்ததை நான் பெரிய திருப்பமாக நினைக்கிறேன். ஒரு நோயாளிக்கு ஒன்று என்று மாற்றிக் கழற்றிப் போட முடிந்தது. வெள்ளைத் துணி ஏப்ரன் செய்வதாகச் சொல்லிக்கொண்ட வேலையை உண்மையில் செய்தது அதுதான். காகிதத் தொப்பியோ, அதைவிடப் பரிதாபம். காகிதத்தில் செய்து தினம் குப்பையில் போடும் ஒரு பொருளுக்கு யார் மரியாதை கொடுப்பார்கள்? ஏற்கெனவே குளுக்கோஸ் டியூபிலும் திரைச்சீலையிலும் மாட்டிக்கொண்டு அவதிப்படுத்திய தொப்பி, 1970-களிலும் 80-களிலும் அமெரிக்காவிலும், கொஞ்சம் பின்னால் பிரிட்டனிலும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக மறைந்தது.

தொப்பியை விரட்டியதில் ஆண்களுக்கும் பங்கு உண்டு. அமெரிக்க ராணுவ நர்ஸ் பிரிவில் 1955 வரை ஆண்களுக்கு இடம் இல்லை. ஜோ ஹோகன் என்பவரை ஆண் என்பதற்காக மிசிசிப்பி மகளிர் பல்கலைக்கழகம் நர்ஸிங் படிப்பில் சேர்க்க மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1982-ல் அவர் ஜெயித்தார். நர்ஸ் வேலை பெண்களுக்கு மட்டுமே என்ற பழைய எண்ணத்தை இப்படிப்பட்ட தடை நிலைக்கச் செய்கிறது என்று தீர்ப்பில் எழுதியவர் சாண்ட்ரா டே ஓகானர், அந்த நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. ஆண் தலையில் அந்தத் தொப்பியை வைக்க முடியாது. ஒரே வேலை செய்யும் இருவரில் ஒருவருக்கு மட்டும் தொப்பி என்றால், அது வேலையின் அடையாளமா, பெண் என்பதன் அடையாளமா என்ற கேள்வி வந்துவிடுகிறது.

இன்று எல்லாரும் போடும் ஸ்க்ரப்ஸ், அதாவது தொளதொள மேல்சட்டையும் கயிறு கட்டிய பேன்ட்டும், ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வந்தது. பச்சைக்கும் ஒரு காரணம் உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோ சர்ஜன் ஹாரி ஷெர்மன் 1914-ல், வெள்ளைச் சுவரும் வெள்ளைத் துணியும் கண்ணைக் கூச வைக்கின்றன என்று தியேட்டரைக் கீரைப் பச்சைக்கு மாற்றினார். சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்குப் பச்சைதான் ஓய்வு. அந்தத் தியேட்டர் உடை 1980-களிலும் 90-களிலும் வார்டுக்கும் வந்துவிட்டது. மலிவு, ஆண் பெண் வித்தியாசம் இல்லை, ரத்தம் பட்டால் உடனே மாற்றலாம். எச்.ஐ.வி. பயம் வந்த காலம் வேறு. கூடவே உங்கள் புகாரும் வந்தது: யார் நர்ஸ் என்று தெரியவில்லை. அதற்காகத்தான் பல ஆஸ்பத்திரிகள் நிறம் பிரித்துக் கொடுக்கின்றன. 1900-ன் லண்டன் வார்டு மாதிரியே மறுபடி நிறத்தில் படிநிலை.

நம் பக்கம் கதை கொஞ்சம் வேறு. இங்கே ஆரம்பத்தில் நர்ஸாகச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் ஆங்கிலோ-இந்தியர், இந்தியக் கிறிஸ்தவர். அந்நிய ஆணைத் தொட்டுத் துடைக்கும் வேலைக்குப் பெண்ணை அனுப்ப மற்ற குடும்பங்கள் தயங்கின, கவுன் அந்தத் தயக்கத்தைக் கூட்டியது. வேலூரில் 1909-ல் தொடங்கிய பயிற்சிப் பள்ளி 1946-ல் கல்லூரியான காலத்தில், நாடு முழுக்கவே நர்ஸ்கள் சில ஆயிரம் பேர்தான். சேலை யூனிஃபார்ம் அந்தத் தயக்கத்தைக் கொஞ்சம் குறைத்தது. ஆனால் அதிலும் ஒரு முள். வெள்ளைச் சேலை என்றால் நம் வீடுகளில் யாருக்கு என்று உங்களுக்குத் தெரியும். நான் 1970-களின் கடைசியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். முதல் விடுமுறைக்கு யூனிஃபார்மோடு வீட்டுக்குப் போன அன்று என் பாட்டி வாசலிலேயே நிறுத்தி, "இந்தக் கோலத்தோட உள்ள வராதடி, மாத்திக்கிட்டு வா" என்றார். மேல்நாட்டில் சுத்தத்தைச் சொன்ன நிறம் இங்கே வேறொன்றைச் சொன்னது. முந்தானை நழுவுவது, கொசுவம் தரையைத் துடைப்பது எல்லாம் தனி. பின் குத்திக் குத்தியே தோள்பட்டை ஓட்டையாகும். இதற்கு மேல், சேலைக்கும் தொப்பி உண்டு. இப்போது பல இடங்களில் சுடிதாரும் கோட்டும், தனியார் ஆஸ்பத்திரிகளில் பேன்ட்டும் சட்டையும். இலங்கை அரசு ஆஸ்பத்திரிகளில் வெள்ளைக் கவுனும் தொப்பியும் இந்த நூற்றாண்டிலும் தொடர்ந்தன.

எங்கள் விடுதியில் நீராவிச் சலவைக்கூடம் எதுவும் கிடையாது. கவுனையும் சேலையையும் டோபி எடுத்துப்போவார், தொப்பி எங்கள் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சி, ஒரு துளி நீலம் விட்டு, தொப்பித் துணியை முக்கி, மடிப்பு இல்லாமல் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவிடுவோம். காய்ந்ததும் தகடு மாதிரி உரிந்து வரும். அதை மடித்துப் பின் குத்தினால் தொப்பி. கஞ்சி கெட்டியாகிவிட்டால் எறும்பு மொய்க்கும். மேட்ரன் ரவுண்ட்ஸ் வரும் நேரம் பார்த்து எறும்பு நெற்றியில் இறங்கிய கதை எங்கள் பேட்சில் ஆளுக்கு ஒன்று இருக்கிறது.

பல நர்ஸிங் கல்லூரிகளில் முதலாண்டு மாணவிகளுக்கு விளக்கேற்றும் விழா இன்னும் நடக்கிறது. டெட்ராய்ட்டில் 1893-ல் எழுதிய நைட்டிங்கேல் உறுதிமொழியை அப்போது சேர்ந்து சொல்வார்கள். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம் எங்கள் விழாவில் மாணவிகள் போட்டோவுக்குத் தொப்பி வேண்டும் என்று கேட்டார்கள். துணியில் தைக்க யாருக்கும் நேரம் இல்லை, அட்டையில் வெட்டி ஸ்டேப்ளர் அடித்தோம். கூட இருந்த இரண்டு மாணவர்களும் தங்களுக்கும் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டார்கள். விழா முடிந்து பார்த்தால் அறுபது தொப்பியும் நாற்காலிகள் மேலே கிடந்தன.